120 பிக்சலில் ஒரு பாவாடை தாவணிப் பெண்: பிக்சல் டால் வரையவும் பகிரவும் முழுமையான வழிகாட்டி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் கிடைத்தால் நான் திறப்பது பொம்மைக்கு உடை மாட்டும் தளங்களைத்தான். ஜீன்ஸ் இருக்கும், கவுன் இருக்கும், தேவதைச் சிறகுகூட நாலு விதத்தில் இருக்கும். தாவணி மட்டும் இருக்காது. ஒருநாள் அந்தப் பொம்மையை பெயின்ட்டில் ஒட்டி, நானே ஒரு தாவணி வரைந்து பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். அன்று தொற்றியது இன்னும் விடவில்லை.

பிக்சல் என்ற சிறு சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரையும் இப்படிப்பட்ட பொம்மையைத்தான் பிக்சல் டால் என்பார்கள். அதற்கு அந்தத் தாவணியை ஒழுங்காக வரைவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பாவாடை தாவணி கட்டிய ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, வெற்றுக் கட்டத்திலிருந்து இணையத்தில் ஏற்றுவது வரை கூடவே போவோம். இவளை முடித்துவிட்டால் வேட்டி கட்டிய தாத்தாவையும் நீங்களே வரைந்துவிடலாம்.

கொஞ்சம் பழைய கதை

உடை மாற்றும் கணினிப் பொம்மைகளுக்கு ஜப்பானில் 1991-லேயே 'கிஸ்' என்ற வடிவம் வந்துவிட்டது. கிசேகாயே என்றால் ஜப்பானிய மொழியில் உடை மாற்றுவது. ஆனால் இன்று நாம் டால் என்று சொல்லும் நின்ற கோலப் பொம்மை பரவியது, 1995-ல் வந்த 'தி பேலஸ்' என்ற அரட்டை மென்பொருளால். அதில் ஒவ்வொருவரும் ஒரு உருவமாக அறைக்குள் நுழைவார்கள். அந்த உருவத்தை 44-க்கு 44 பிக்சல் துண்டுகளால் கட்ட வேண்டும், அதிகபட்சம் ஒன்பது துண்டுகள். மூன்று வரிசையாக அடுக்கினால் 132-க்கு 132. அந்தச் சதுரத்துக்குள் தலை முதல் கால் வரை அடங்க வேண்டும் என்பதால்தான் டால் இந்த அளவில் பிறந்தது. அழகு பார்த்து யாரும் வைத்த அளவு இல்லை.

அந்தக் காலத்து டால்கள் நிறையவே காணாமல் போய்விட்டன. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டபோது தனி ஆட்களின் பக்கங்கள் கொத்துக் கொத்தாகப் போயின. பிரவுசரில் விளையாட்டுகளை ஓட்டிய ஃப்ளாஷ் 2020 கடைசியில் நிறுத்தப்பட்டதும் உடை மாட்டும் விளையாட்டுகள் பலவும் திறக்காமல் நின்றன. அதனால் எங்கே பகிர்ந்தாலும் மூலக் கோப்பை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

கருவி

காசு செலவழிக்காமல் ஆரம்பிக்க பிஸ்கெல் போதும். பிரவுசரிலேயே ஓடும், லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) உண்டு, அனிமேஷனும் உண்டு. கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டுமானால் லிப்ரெஸ்ப்ரைட் இலவசம். ஏஸ்ப்ரைட் காசு கொடுத்து வாங்குவது. பிடித்துப்போனால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஜிம்ப் பயன்படுத்துகிறவர்கள் பிரஷ் பக்கம் போகவே கூடாது. பென்சிலை எடுத்து அளவை 1 என்று வையுங்கள். பிரஷ் ஓரங்களைக் குழைத்துவிடும், பிறகு எது உங்கள் நிறம், எது மென்பொருள் கலந்த நிறம் என்றே தெரியாது. ரப்பருக்கும் 'ஹார்டு எட்ஜ்' டிக் செய்துகொள்ளுங்கள்.

பழைய பெயின்ட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அதில் ஒரு வித்தை உண்டு: ரப்பரை எடுத்து வலது பட்டனை அழுத்தித் தேய்த்தால், முதல் நிறம் இருக்கும் இடம் மட்டும் இரண்டாம் நிறமாக மாறும், மற்றதைத் தொடாது. வெளிர் தோல் பொம்மையை மாநிறமாக்க நான் வருடக்கணக்கில் இதைத்தான் செய்தேன். அதே பெயின்ட்டில் ஜிஃப் ஆகச் சேமித்தால் நிறங்களை அதன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும், பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள்.

டேப்லெட் பேனா தேவையில்லை. இந்த அளவுக்கு மவுஸே வசதி.

கேன்வாஸ்: 135-க்கு 135

இந்த எண்ணுக்கு இரண்டு காரணம். எட்டால் பெருக்கினால் சரியாக 1080 வருகிறது. இன்ஸ்டாகிராம் சதுரப் படத்துக்கு அதுதான் அளவு. இரண்டாவது, இது ஒற்றைப்படை. நட்டநடுவில், 68-ஆம் நெடுவரிசையில், ஒரு பிக்சல் தனியாக நிற்கும். நெற்றிப் பொட்டு வைக்கப் போகிறோம் என்றால் அந்த ஒரு பிக்சல் கட்டாயம் வேண்டும். இரட்டைப்படை அகலத்தில் முகம் வரைந்துவிட்டு, பொட்டை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று திண்டாடியவள் சொல்கிறேன்.

உயரம் 120 என்று வைத்துக்கொள்வோம். கூந்தலோடு தலை 22, கழுத்து 4, தோளிலிருந்து இடுப்பு வரை 24, பாவாடை 66, பாதம் 4. நிஜ மனிதருக்குத் தலையைப் போல் ஏழு, ஏழரை மடங்கு உயரம் இருக்கும், இவளுக்கு ஐந்தரைதான். தலை பெரிதாக இருந்தால்தான் முகத்தில் எதையாவது வரைய இடம் கிடைக்கும்.

பேஸ்: சொந்தமா, இரவலா?

உடையும் முடியும் இல்லாத வெறும் உடலைத்தான் பேஸ் என்பார்கள். வரைந்து பழகியவர்கள் பலர் தங்கள் பேஸ்களைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விதி: சிலர் பெயர் போட்டால் போதும் என்பார்கள், சிலர் தோல் நிறத்தை மாற்றக்கூடாது என்பார்கள், சிலர் விற்பனைக்குக் கூடாது என்பார்கள். எடுக்கும் முன் படித்துவிடுங்கள். நாலு பேர் டாலிலிருந்து கை ஒன்று, முடி ஒன்று என்று வெட்டி ஒட்டுவதை இந்த வட்டாரத்தில் 'ஃபிராங்கன்டால்' என்று சொல்வார்கள். பாராட்டாகச் சொல்வதில்லை.

என் யோசனை: முதல் இரண்டு டாலுக்கு இரவல் பேஸ், மூன்றாவதிலிருந்து சொந்தம். பிஸ்கெலில் கண்ணாடிப் பேனா இருக்கிறது; இடப்பக்கம் வரைந்தால் வலப்பக்கம் தானாக வரும். அதில் நேராக நிற்கும் உடலை வரைந்து, பிறகு ஒரு கையை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தால் பொம்மை காவலுக்கு நிற்பது போலிருக்கும்.

கோடு

கோடு ஏன் 'பல்லுப் பல்லாக' இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். படிக்கட்டின் நீளங்கள் தாறுமாறாக இருப்பதால்தான். இடுப்பின் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 பிக்சல் நேராக இறங்கி, ஒன்று நகர்ந்து 3, பிறகு 2, பிறகு 1, 1, மறுபடி 2, 3, 4 என்று போனால் கண்ணுக்கு வளைவு தெரியும். இதையே 4, 1, 3, 1, 2 என்று வைத்தால் இடுப்பு நொறுங்கிப்போகும். எங்கே உறுத்துகிறதோ அங்கே எண்ணிப் பாருங்கள், தப்பு அந்த எண்ணிக்கையில் இருக்கும். திருப்பத்தில் மூன்று பிக்சல் சேர்ந்து 'ட' மாதிரி மூலை கட்டியிருந்தால் மூலையில் உள்ளதை அழித்துவிடுங்கள்.

அவுட்லைனுக்குக் கறுப்பு வேண்டாம். தோலைச் சுற்றி அடர் பழுப்பு, பாவாடையைச் சுற்றி அடர் அரக்கு என்று, உள்ளே இருக்கும் நிறத்தின் இருண்ட வடிவமே கோடாக இருக்கட்டும்.

முகம்

முக அகலம் 19. கணக்கு இப்படி: ஓரம் 3, கண் 4, இடைவெளி 5, கண் 4, ஓரம் 3. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று வரிசை. மேல் வரிசை முழுக்க அடர்நிறம், அதுதான் இமையும் மையும். கீழே இரண்டு வரிசையில் நடுவில் 2-க்கு 2 கருவிழி, இருபுறமும் வெள்ளை. வெள்ளை என்றால் பளீர் வெள்ளை வேண்டாம், லேசான சாம்பல். கருவிழியின் மேல் இடது பிக்சல் ஒன்றை மட்டும் பளீர் வெள்ளையாக்கினால் பார்வை வந்துவிடும். கோயில் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பார்கள் இல்லையா, இங்கேயும் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மூக்குக்கு இரண்டு பிக்சல் நிழல் போதும். அதற்கு மேல் போட்டால் கிழவியாகிவிடுவாள். மூக்குத்தி ஒரு பிக்சல், பொட்டு ஒரு பிக்சல். விரல்களை மறந்துவிடுங்கள், கை ஐந்து பிக்சல் கட்டிதான்.

தோல்

வெளிர் பேஸை எடுத்துக் கறுப்பைக் கலந்தால் மாநிறம் வராது, சாம்பல்தான் வரும். நம் தோலின் நிழலில் சிவப்பும் ஊதாவும் இருக்கும், வெளிச்சத்தில் மஞ்சள் இருக்கும். நான் பயன்படுத்தும் ஐந்து நிறங்கள், சிவப்பு-பச்சை-நீலம் வரிசையில்: அடி நிறம் 156, 98, 66, நிழல் 118, 66, 54, ஆழ்நிழல் 82, 42, 46, வெளிச்சம் 190, 130, 88, மினுக்கு 216, 164, 118. ஐந்துக்கு மேல் சேர்த்தால் உங்களுக்கே எது எங்கே என்று குழம்பும்.

வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து வருகிறது என்று ஒரேயடியாக முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்யாதவர்கள் எல்லா ஓரத்திலும் நிழலைச் சுற்றிப் போட்டு, நடுவில் வெளிச்சம் வைப்பார்கள். கை தலையணை மாதிரி உப்பித் தெரியும். ஆங்கிலத்திலும் அதற்கு 'பில்லோ ஷேடிங்' என்றுதான் பெயர்.

துணி

டாலின் உயிர் துணியில் இருக்கிறது. பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

அரக்கு நிறப் பாவாடைக்கு நான்கு நிறம்: 150, 30, 45 அடி, 98, 16, 48 நிழல், 60, 10, 40 ஆழம், 196, 62, 58 வெளிச்சம். இடுப்பில் 15 பிக்சல் அகலம், கீழ் விளிம்பில் 47. முதலில் முழுவதும் அடி நிறத்தை ஊற்றிவிடுங்கள். பிறகு இடுப்பிலிருந்து ஐந்து மடிப்புகளை இறக்குங்கள், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. இடைவெளி சமமாக இருக்கவே கூடாது. சமமாக இருந்தால் குடைதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு மடிப்பும் இடுப்பில் ஒரு பிக்சலில் தொடங்கி விளிம்பில் நான்கைந்தாக விரியும். மடிப்பின் வலது சரிவில் நிழல், குழியில் ஆழம், இடது முகட்டில் வெளிச்சம். பட்டு என்பதால் வெளிச்சம் ஒல்லியாக, பட்டென்று வெட்டி நிற்க வேண்டும். பருத்தியாக இருந்தால் ஆழ்நிறத்தையும் வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இப்போது கரை. புதியவர்கள் பாவாடையின் அடியில் ஸ்கேல் வைத்தது போல ஒரு பட்டை இழுப்பார்கள், அத்தனை மடிப்பும் பொய்யாகிவிடும். நான் செய்வது இப்படி: தனி லேயரில் 47 பிக்சல் நீளத்துக்கு நேரான கரை ஒன்றை நெய்கிறேன். அடியில் ஒரு வரிசை ஜரிகை, மேலே நான்கு வரிசை கிளிப்பச்சை, அதற்கு மேல் மூன்று வரிசையில் டெம்பிள் பார்டர் முக்கோணங்கள். ஒரு முக்கோணம் என்பது கீழிருந்து 5, 3, 1. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பிக்சல் இடைவெளி விட்டால் 47-ல் சரியாக எட்டு முக்கோணம் அடங்கும். பிறகு மடிப்பு வரும் இடங்களில் கரையை வெட்டி, குழிக்குள் போகும் துண்டை ஒரு பிக்சல் மேலே ஏற்றி இருட்டாக்குகிறேன். முகட்டில் வரும் துண்டை ஒரு பிக்சல் கீழே இறக்குகிறேன். சில முக்கோணங்கள் பாதியில் உடையும், உடைந்தால்தான் துணி மடிந்திருப்பது தெரியும். ஜரிகைக்கு அடர் பழுப்பு, பொன், வெளிர் மஞ்சள் மூன்றையும் ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஒழுங்காக வைத்தால் மஞ்சள் கறுப்புப் பூச்சி மாதிரி தெரியும்.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் புட்டாவையும் கரையையும் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். நிரம்பிய கட்டம், நிரம்பாத கட்டம், அவ்வளவுதான். அதனால் நல்ல கரை வேண்டுமென்றால் டால் தளங்களைத் தேடாமல் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்.

தாவணி மெல்லிசு, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். லேயரின் அடர்த்தியைக் குறைத்தால் சுலபமாகத் தோன்றும். ஆனால் அடியில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனை புது நிறம் முளைத்துப் படம் கலங்கிவிடும். அதற்குப் பதில், இரண்டு நிறத்தின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தாவணி 232, 178, 60. தோலின் மேல் விழும் இடத்தில் 194, 138, 63. பாவாடையின் மேல் 191, 104, 52. பச்சை ரவிக்கை 70, 140, 60 என்றால் அதன் மேல் 151, 159, 60. துணி இரண்டு மூன்று மடிப்பாகக் குவியும் இடத்தில், அதாவது தோளிலும் இடுப்புச் செருகலிலும், கலக்காத மஞ்சளையே போடுங்கள். மேலாக்கின் மடிப்புக் கோடுகள் எல்லாம் தோளில் ஒரே இடத்திலிருந்து விசிறியாகக் கிளம்ப வேண்டும். என் முதல் தாவணி குளியல் துண்டாகிப் போனதற்கு இதுதான் காரணம்: கோடுகளை ஒன்றுக்கொன்று இணையாக இழுத்திருந்தேன்.

கூந்தல்

முழுக் கறுப்பு நிரப்பினால் ஓட்டை மாதிரி தெரியும். 38, 24, 34-ல் தொடங்கி, 74, 50, 58-ல் இழைகளை, வகிட்டிலிருந்து காது நோக்கி, தலையின் உருண்டையைத் தொடர்ந்து இழுங்கள். மினுக்கு ஒரு பட்டையாக உச்சிக்குச் சற்றுக் கீழே வரும். பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டால் வரையவும் வசதி, பார்க்கவும் அழகு. மல்லிகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெள்ளைப் பிக்சல், அடியில் பச்சை கலந்த வெளிர்நிழல் ஒன்று. வரிசை கட்டி வைக்காமல் ஏற்ற இறக்கமாக. நடுவில் கனகாம்பரம் இரண்டு சொருகினால் போதும், உடனே நம்ம ஊர்.

வெளி ஓரம்: ஒரு எச்சரிக்கை

கோட்டை மிருதுவாக்க, இரண்டு நிறத்துக்கு நடுவே இடைநிறப் பிக்சல் வைப்பது உண்டு. அதை உருவத்துக்கு உள்ளே மட்டும் செய்யுங்கள், வெளி ஓரத்தில் செய்யாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் வரைந்து ஓரத்தைக் குழைத்துவிட்டால், பின்னணியை நீக்கிக் கறுப்புப் பக்கத்தில் வைக்கும்போது பொம்மையைச் சுற்றி வெளுத்த பொடுகு நிற்கும். ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று முழுதாகத் தெரியும், இல்லை முழுதாக மறையும். பாதி மறைவு என்பதே கிடையாது. நான் வரையும்போதே பின்னணியில் கண்ணைக் குத்தும் ரோஸ் நிறத்தை வைத்துவிடுவேன். விட்டுப்போன வெள்ளைப் பிக்சல்கள் தாமாகக் காட்டிக்கொடுக்கும்.

கண் சிமிட்ட வைக்க ஆசை இருந்தால் இரண்டு ஃபிரேம் போதும். திறந்த கண் 3 விநாடி, மூடிய கண் 0.15 விநாடி. ஜிஃப்பில் 256 நிறம்தான் என்று பயப்படாதீர்கள், நம் டால் 40 நிறத்தைக்கூடத் தாண்டாது.

சேமித்தல், பகிர்தல்

மூன்று கோப்புகள் வேண்டும். லேயரோடு மூலக் கோப்பு. அசல் அளவில் ஒரு பிஎன்ஜி. எட்டு மடங்கு பெரிதாக்கிய இன்னொரு பிஎன்ஜி. பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜிம்ப்பில் அதன் பெயர் 'நன்'. மடங்கு எப்போதும் முழு எண்ணாக இருக்கட்டும். இரண்டரை மடங்கு என்றால் சில பிக்சல் இரண்டாகவும் சில மூன்றாகவும் ஆகி, எண்ணி எண்ணி இழுத்த கோடு கெட்டுவிடும்.

ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, புகைப்படத்துக்கு ஏற்ற மாதிரி நுணுக்கங்களைக் கழிக்கும். அசல் அளவில் நம் கண்ணும் பொட்டும் ஒரே கட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இதுதான் நடக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமும் அமுக்கத்தான் செய்யும், ஆனால் எட்டு மடங்கு படத்தில் ஒவ்வொரு பிக்சலும் தானே 8-க்கு 8 ஆகிவிடுவதால் சேதம் குறைவு.

எங்கே போடுவது? டீவியன்ட்ஆர்ட்டில் பழைய டால் கூட்டம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிக்சல்ஜாயின்ட்டில் ஏற்றுவதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே காட்டுவார்கள், அங்கே வரும் விமர்சனம் கறாராக இருக்கும், பயன்படும். எனக்குப் பிடித்தது நியோசிட்டீஸ். 2013-ல் தொடங்கிய இலவச இடம், பழைய தனிப்பக்கக் கலாசாரம் அங்கே திரும்பி வந்திருக்கிறது. அங்கே சொந்தப் பக்கத்தில் அசல் அளவு டாலை வைத்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-ல் 'பிக்சலேட்டட்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிரவுசர் குழைக்காமல் பெரிதாக்கிக் காட்டும்.

கையொப்பத்தைப் பாவாடை விளிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆங்கில எழுத்து 3-க்கு 5 பிக்சலில் அடங்கும். தமிழ் அப்படி அடங்காது. நான் முயன்றதில் 'அ'வுக்கு 7 பிக்சல் அகலமாவது வேண்டியிருந்தது. 'ழ' இருக்கும் பெயர்க்காரர்கள் சுருக்கெழுத்து யோசிப்பது நல்லது.

படத்தின் கீழே எழுத வேண்டியது இவ்வளவுதான்: "பேஸ்: இன்னார் (இணைப்பு). உடை, முடி, நிழல்: நான். கருவி: பிஸ்கெல். எடுத்துப் பயன்படுத்தலாம், பெயரை வெட்டாதீர்கள்." என் டால் ஒன்று ஓரத்திலிருந்த பெயர் போய், ஒரு தளத்தில் பொங்கல் வாழ்த்தாகச் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். லேயரோடு இருந்த மூலக் கோப்பைத் திரைப்பிடித்து அனுப்பினேன், இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அந்தக் கோப்புக்கு மூன்றாவது உபயோகமும் உண்டு. பாவாடையின் நான்கு அரக்கு நிறங்களையும் எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள்: ஆழம் 10, 24, 60, நிழல் 14, 50, 98, அடி 16, 88, 120, வெளிச்சம் 40, 150, 120. மயில் கழுத்து நிறம். தறியில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம் கொடுத்து நெய்வதால்தான் அந்தத் துணி திரும்பும்போதெல்லாம் நிறம் மாறுகிறது. நாம் நிழலை நீலத்திலும் வெளிச்சத்தைப் பச்சையிலும் வைத்து அதையே செய்கிறோம். தாவணி பாவாடையின் மேல் விழும் அந்த ஒரு நிறத்தை மட்டும் மறுபடி கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள், 124, 133, 90 வரும். முதல் டாலுக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இந்த இரண்டாமவள் இருபது நிமிடத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.